பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்படுபவை

கத்தோலிக்கக் கோவிலின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. பெயர், பிறந்த நாள், திருமுழுக்குப் பெற்ற நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், அருளடையாளத்தை வழங்கிய அருள்பணியாளர் என்று கட்டங்கள் நிறைந்த பிறகு, ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அந்த மனிதர் பின்னாளில் உறுதிப்பூசுதல் பெற்றால், திருமணம் செய்துகொண்டால், குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டால், துறவற சபையில் வாழ்நாளுக்குமான வாக்குறுதியாகிய இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தால், அவை அந்த வரியோடு சேர்த்துக் குறிக்கப்பட வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 535ஆம் எண்ணில் கேட்கிறது. ஒருவர் உலகின் எந்த மூலையில் போய் வாழ்ந்தாலும், அவருடைய வாழ்க்கைநிலை பற்றிய செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற கோவிலுக்கே திரும்பி வந்து சேர்கிறது.

ஆறு ஆண்டுகளாக வாரத்தில் இரண்டு மாலைகள் எங்கள் பங்கின், அதாவது எங்கள் கோவிலைச் சார்ந்த இறைமக்கள் சமூகத்தின், அலுவலகத்தில் உட்கார்ந்து, சான்றிதழ் கேட்டு வருபவர்களுக்கு இந்தப் பதிவேடுகளைப் புரட்டி எடுத்துக் கொடுக்கிறேன். இதுதான் இப்போதைக்குக் கடவுள் எனக்குக் கொடுத்திருக்கும் பணி என்று நம்புகிறேன். அதைக் கண்டுகொள்வதற்கு முன் வேறொரு பணியில் பதினொரு ஆண்டுகளைச் செலவிட்டேன். பங்கில் உள்ள இளையோர் சிலர், திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, "கடவுள் என்னிடம் எதை எதிர்பார்க்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 'அழைத்தல்' என்ற சொல்லைப் பற்றி. உயிர்ப்புப் பெருவிழாவோடு தொடங்கும் பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறை, நல்லாயன் ஞாயிறை, 1964ஆம் ஆண்டு முதல் இறையழைத்தலுக்காகச் செபிக்கும் நாளாகத் திருச்சபை கடைப்பிடித்து வருகிறது. அன்று நம் மன்றாட்டுகள் பெரும்பாலும் குருக்களுக்காகவும் துறவியருக்காகவும் அமைகின்றன, அது தேவையானதுதான். ஆனால் அதே 1964ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம், திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் எந்த நிலையில் இருந்தாலும் தூய வாழ்வின் நிறைவுக்கு அழைக்கப்பட்டவர் என்று ஒரு முழு அதிகாரத்தில் பேசுகிறது. தூய ஆவியார் எல்லா நிலையிலும் உள்ள நம்பிக்கையாளரிடையே சிறப்பு அருள்கொடைகளைப் பகிர்ந்தளிக்கிறார் என்றும் அது சொல்கிறது. மறு ஆண்டு வந்த, குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரின் பணி பற்றிய ஆணையோ, மிகச் சாதாரணமான கொடையைப் பெற்றிருப்பவருக்குக்கூட அதைத் திருச்சபையிலும் உலகிலும் பயன்படுத்தும் உரிமையும் கடமையும் உண்டு என்கிறது.

ஆக, நம் கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தூயவராக வேண்டும் என்பது எல்லாருக்குமான அழைத்தல். அதில் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, சொல்லியாகிவிட்டது. திருமணமா, குருத்துவமா, துறவறமா, தனிவாழ்வா என்பது இரண்டாவது. பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்படுபவற்றுள் பெரும்பாலானவை அதைச் சார்ந்தவை. மூன்றாவது, இந்தக் குறிப்பிட்ட மக்கள் நடுவில், எனக்குக் கொடுக்கப்பட்ட இந்த இயல்போடு, நான் என்ன செய்ய வேண்டும் என்பது. அதை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. திருமணம் முடித்து, பிள்ளைகள் வளர்ந்து, வாழ்க்கைநிலை பற்றிய கேள்விக்கு விடை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும், இந்த மூன்றாவது கேள்வி விடையில்லாமல் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருப்பதைப் பலரிடம் காண்கிறேன். என்னிடமும் அது அப்படித்தான் இருந்தது.

நான் மறைக்கல்வி ஆசிரியராக ஆனதற்குக் காரணம் ஒரு ஞாயிறு அறிவிப்பு. ஆசிரியர்கள் போதவில்லை என்று பங்குத்தந்தை கேட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் "நீங்கள் நன்றாகப் பேசுவீர்களே" என்றார்கள். நான் பெயர் கொடுத்தேன். ஒரு தேவை, ஒரு பாராட்டு, வேறு எதுவும் இல்லை. செபித்துப் பார்த்தேனா என்று கேட்டால், பெயர் கொடுத்த பிறகு அதை ஆசீர்வதிக்கும்படி செபித்தேன் என்பதே உண்மை. பதினொரு ஆண்டுகள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. பாடங்களை உழைத்துத் தயாரித்தேன். ஆனால் வகுப்பு முடிந்து வரும்போது நெஞ்சு காய்ந்து கிடக்கும். பிள்ளைகள் மீது எரிச்சல் இருக்கும். அடுத்த ஞாயிறை நினைத்தால் வியாழக்கிழமையிலிருந்தே பாரமாக இருக்கும். அவர்களும் என்னிடமிருந்து எதையும் பெற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இதை நான் சிலுவை என்று நினைத்தேன். சுமப்பது கடினமாக இருப்பதாலேயே அது கடவுள் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, எண்ணியதைப் பக்தி என்றும் பெயரிட்டுக்கொண்டேன்.

சிலுவைக்கும் பொருந்தாத நுகத்துக்கும் வேறுபாடு உண்டு என்று இன்று சொல்வேன். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் தூய ஆவியாரின் கனியாக அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை, பரிவு, கனிவு என்று அடுக்கிச் சொல்பவற்றை ஓர் உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். கடவுள் கொடுத்த சிலுவை கண்ணீர் வரவழைக்கும். ஆனால் அதைச் சுமப்பவர் ஆண்டுகள் செல்லச் செல்லக் கனிந்துகொண்டே போவார். என் விஷயத்தில் நடந்தது அதற்கு நேர்மாறானது. பதினோராம் ஆண்டில் நான் முதலாம் ஆண்டில் இருந்ததைவிடக் கடுமையானவளாக இருந்தேன். பிள்ளைகளில் ஒருத்தி என்னைக் கண்டதும் தன் தாயின் பின்னால் ஒளிந்துகொண்ட ஒரு காலைப் பொழுதில்தான் அது எனக்கு உறைத்தது.

அந்தக் காலத்தில்தான் எங்கள் பங்கில் பணியாற்றிய வயது முதிர்ந்த துறவறச் சகோதரி ஒருவரிடம் போய்ப் பேசத் தொடங்கினேன். ஒப்புரவு அருளடையாளத்தில் பாவங்களை அறிக்கையிடுவது வேறு, உள்ளத்தின் அசைவுகளை ஒருவரிடம் பொறுமையாகத் திறந்து காட்டுவது வேறு என்பதை அவரிடம்தான் கற்றேன். ஆன்ம வழிகாட்டியாக இருப்பதற்கு ஒருவர் குருவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நான் சொன்னதையெல்லாம் அவர் நீண்ட நேரம் கேட்டுவிட்டு, அறிவுரை எதுவும் சொல்லாமல், இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியாரின் படுக்கையைப் பற்றிப் பேசினார்.

1521ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பெயினின் பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, குடும்ப மாளிகையில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்த ஒரு போர்வீரர். பொழுதுபோக்க வீரக்கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான் கைக்குக் கிடைத்தன. ஒரு பெருமாட்டியின் முன்னால் தான் நிகழ்த்தப்போகும் வீரச்செயல்களை எண்ணிப் பல மணி நேரம் இன்பமாகக் கழிப்பார். பிரான்சிஸ் அசிசியாரைப் போலவும் தோமினிக்கைப் போலவும் தானும் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணுவதும் இன்பமாகவே இருந்தது. எண்ணும் நேரத்தில் இரண்டும் இனித்தன. எண்ணி முடித்த பிறகு முதலாவது வறட்சியையும் சோர்வையும் விட்டுச் சென்றது, இரண்டாவது மகிழ்ச்சியை நீடிக்கச் செய்தது. ஒருநாள் அவருடைய கண் இந்த வேறுபாட்டின் மீது திறந்தது. 1548ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த 'ஆன்மப் பயிற்சிகள்' என்ற அவருடைய நூலில் உள்ள, ஆவிகளைத் தெளிந்து தேர்வதற்கான விதிகள் எல்லாம் அந்தப் படுக்கையில் முளைவிட்டவை.

பங்குப் பணிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் மிகவும் பயன்படும். பாடகர் குழுவில் பாடும்போதும், வாசக மேடையில் நிற்கும்போதும், பங்குப்பேரவையில் நம் கருத்து ஏற்கப்படும்போதும் ஓர் இனிமை எல்லாருக்கும் உண்டாகும். அந்த நேரத்து இனிமையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வீட்டிற்குத் திரும்பி, கைகால் கழுவி, விளக்கை அணைத்த பிறகு என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பாராட்டு கிடைக்காமல் போன நாளில் அந்தப் பணி எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். சகோதரி என்னிடம் இரண்டு மாதங்கள் ஒவ்வோர் இரவும் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார்: இன்று எந்த வேளையில் கடவுள் அருகில் இருந்தார், எந்த வேளையில் நான் அவரை விட்டு விலகினேன். அவ்வளவுதான். அறுபது வரிகளைப் பிறகு ஒன்றாகப் படித்தபோது, கடவுள் அருகில் இருந்த வேளையாக மறைக்கல்வி வகுப்பு ஒரு முறைகூட இடம் பெறவில்லை.

உடனே விட்டுவிட வேண்டும் என்று துடித்தேன். அவர் தடுத்தார். அவர் தடுத்ததும் இஞ்ஞாசியாரின் விதிதான்: ஆன்ம வறட்சியின் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே, அமைதியோடு இருந்தபோது எடுத்த முடிவிலேயே நில். வறட்சியில் நமக்கு ஆலோசனை சொல்வது நல்ல ஆவி அல்ல என்பதே அதற்கான காரணம். பங்குப் பணிகளிலிருந்து கோபத்தில் விலகுபவர்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள், அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை, பத்து ஆண்டு உழைப்பு ஒரு மாலையில் முடிந்துபோகிறது. விலகியது சரியாகக்கூட இருந்திருக்கலாம்; விலகிய விதம் அந்த மனிதரை வேறெந்தப் பணிக்கும் திரும்ப வரமுடியாதபடி செய்துவிடுகிறது. நான் தவக்காலம் முழுவதும் வகுப்பு எடுத்தேன். பாஸ்காவுக்குப் பிறகு, நெஞ்சு ஓரளவு தெளிந்திருந்த ஒரு நாளில், அந்த முடிவு எரிச்சல் இல்லாமல் தானாகவே வந்தது.

விட்டுவிட்டு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. அதற்குச் சகோதரி ஒரு கேள்வியைத்தான் கொடுத்தார்: "நம் பங்கில் எதைப் பார்த்தால் உங்களுக்கு வலிக்கிறது அம்மா?" நான் சற்றும் யோசிக்காமல் பதினைந்து குறைகளை அடுக்கினேன். ஒலிபெருக்கி, பாட்டு, கூட்டங்கள் தாமதமாகத் தொடங்குவது, மறையுரையின் நீளம். அவர் புன்னகையோடு, "இவையெல்லாம் உங்களை எரிச்சலூட்டுபவை. நான் கேட்டது வலியைப் பற்றி" என்றார். எரிச்சல் யாராவது திருத்தப்பட வேண்டும் என்று விரும்புகிறது. வலியோ, தானே எழுந்து போய் எதையாவது செய்ய விரும்புகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை அதற்குப் பிறகு வேறு கண்ணோடு வாசிக்கிறேன். அங்கே எல்லாம் ஒரு முணுமுணுப்பில் தொடங்குகிறது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டார்கள். திருத்தூதர்கள் அந்தக் குறையை அடக்கிவிடவில்லை. தாங்களே எல்லாவற்றையும் செய்வதாகவும் சொல்லவில்லை. மக்களைக் கூட்டி, நற்சான்று பெற்ற எழுவரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். அந்த எழுவரில் ஒருவரான ஸ்தேவானின் அழைத்தல் காட்சியிலோ கனவிலோ வரவில்லை. யாருக்கோ உணவு கிடைக்கவில்லை என்ற ஒரு குறையின் வழியாக, அக்கம்பக்கத்தார் அவர் பெயரைச் சொன்னதன் வழியாக வந்தது. கடவுளின் திருவுளம் உறையிலிட்ட கடிதம் போல எங்கோ மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அதை நான் தனியறையில் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது அப்போது தெரிந்தது.

இங்கே பங்கு என்ற அமைப்பின் இயல்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்கு பொதுவாக ஒரு நிலப்பரப்பைச் சார்ந்தது; அந்த எல்லைக்குள் வாழும் எல்லா நம்பிக்கையாளரையும் அது உள்ளடக்கும். நமக்குப் பிடித்தவர்களைத் திரட்டி நாம் அமைத்துக்கொண்ட குழு அல்ல அது. பக்கத்து இருக்கையில் யார் மண்டியிடுவார் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. இதைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கோ, நம் அழைத்தலைத் தெளிவதற்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாது என்று தோன்றுகிறது. ஏனெனில் நான் தேர்ந்துகொள்ளாத மனிதர்கள்தான் எனக்கே தெரியாத கொடையை என்னிடமிருந்து வெளியே இழுக்கிறார்கள், எனக்கு இருப்பதாக நான் கற்பித்துக்கொண்ட கொடைகளையும் அவர்கள்தான் பொறுமையாகப் பொய்யாக்குகிறார்கள்.

வலி எனக்கு அலுவலகச் சன்னலில் கிடைத்தது. என் மகனின் உறுதிப்பூசுதலுக்கான ஒரு தாளுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளைஞர், திருமணத்துக்காகத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டார். பல ஆண்டுகள் கோவில் பக்கமே வராதவர் என்பது அவர் நின்ற தயக்கத்திலேயே தெரிந்தது. உள்ளே இருந்தவர் களைத்துப் போயிருந்தார். காத்திருப்போர் நிறையப் பேர். எல்லார் முன்னிலையிலும், "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்? கல்யாணம் என்றால்தான் கோவில் நினைவுக்கு வருமா?" என்று கேட்டுவிட்டார். இளைஞர் ஒன்றும் சொல்லாமல் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தப் பணியாளர் மீது எனக்குக் கோபம் வரவில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அன்றைய சோர்வில் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் வாசற்படி வரை வந்த ஒருவரை உள்ளே வாருங்கள் என்று சொல்ல யாருமில்லாமல் போனது என் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் ஆகியும் அது போகவில்லை. எழுத வேண்டிய இரவு வரியில் அந்த இளைஞர் திரும்பத் திரும்ப வந்தார்.

பங்குத்தந்தையிடம் சொன்னபோது அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கல்வியாண்டு முடியும்வரை வகுப்பைத் தொடருங்கள் என்றார். அதற்குப் பிறகு அலுவலகத்தில் மூன்று மாதம் இருந்து பாருங்கள், அதற்கு மேல் பேசிக்கொள்ளலாம் என்றார். அன்று அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்று யோசித்தால், காலவரையறையோடு ஒன்றை முயன்று பார்க்கச் சொன்னது நல்ல மேய்ப்பருக்குரிய முறை. சாமுவேல் முதல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் சிறுவன் சாமுவேலை மூன்று முறை பெயர் சொல்லி அழைக்கிறார், அவனோ மூன்று முறையும் எழுந்து முதிய குருவான ஏலியிடம் ஓடுகிறான். குரல் ஆண்டவருடையது என்று கண்டுகொண்டவர் ஏலி. அந்த ஏலி யார்? கண் மங்கியவர், தன் பிள்ளைகளை அடக்கத் தெரியாதவர், சற்று நேரத்தில் சாமுவேலின் வாயாலேயே தண்டனைத் தீர்ப்பைக் கேட்கப்போகிறவர். அப்படிப்பட்டவர் வழியாகத்தான் சாமுவேலுக்குத் தன் அழைத்தல் விளங்கியது. நம் பங்குத்தந்தையர் குறையற்றவர்கள் அல்லர். குறையுள்ள ஒருவரின் வாயிலிருந்தும் நமக்கான சொல் வரும் என்று நம்பாவிட்டால், எவரிடமிருந்தும் நாம் எதையும் கேட்டுக்கொள்ளப் போவதில்லை. தான் மட்டுமே கேட்ட குரலை வைத்துக்கொண்டு பங்கில் ஒரு பணியை உரிமை கொண்டாடுபவரைக் கண்டால் எனக்கு அச்சமாக இருக்கிறது. அந்தியோக்கியாவில் பவுலையும் பர்னபாவையும்கூட, நோன்பிருந்து செபித்த ஒரு சபைதான் கைகளை வைத்து அனுப்பியது.

மூன்று மாதத்தில் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. வருபவர்களை உட்காரச் சொன்னேன். பதிவேட்டைத் தேடிக்கொண்டே, இந்த ஆண்டில் இங்கே பங்குத்தந்தையாக இருந்தவர் யார், ஞானத்தாயாக எழுதப்பட்டிருப்பவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டேன். மக்கள் பேசினார்கள். தன் திருமுழுக்கு வரியைக் கண்ணால் பார்க்கும் ஒருவருக்குள் ஏதோ அசைகிறது. இறந்துபோன தாயின் பெயரை அந்தக் கட்டத்தில் விரலால் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பெரும்பாலானோர் தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், மறுபடி வருவதில்லை. இருபத்தேழு ஆண்டுகள் கோவில் பக்கம் வராதிருந்த ஒருவர், போகும்போது திரும்பி நின்று, பாவசங்கீர்த்தனம் எப்போது கேட்பார்கள் என்று கேட்டார். ஆறு ஆண்டுகளில் அப்படி ஒரு சிலர்தான். நான் வீட்டிற்குப் போன பிறகு எனக்குள் மிஞ்சியிருந்த அமைதியை இந்த எண்ணிக்கை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அந்த நாள்களில் எனக்குத் துணையாக இருந்தவர் புனித அல்போன்ஸ் ரொட்ரீகஸ். ஸ்பெயினின் செகோவியாவில் துணி வணிகம் செய்தவர். மனைவியையும் பிள்ளைகளையும் இழந்தவர். இயேசு சபையில் சேர முயன்றபோது போதிய கல்வி இல்லை, வயதும் உடல்நலமும் ஒத்துவராது என்று முதலில் மறுக்கப்பட்டார். 1571ஆம் ஆண்டு சகோதரராக ஏற்கப்பட்டு, மயோர்க்கா தீவில் உள்ள கல்லூரிக்கு அனுப்பப்பட்டு, அங்கே பல பத்தாண்டுகள் வாயிற்காவலராக இருந்தார். மணி ஒலிக்கும்போதெல்லாம், வாசலில் நிற்பவர் ஆண்டவரே என்பதுபோல, "ஆண்டவரே, இதோ வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு கதவைத் திறக்கப் போவாராம். அந்தக் கல்லூரிக்குப் படிக்க வந்த பீட்டர் கிளேவர் என்ற இளைஞரைக் கடல்கடந்து போகும்படி ஊக்கியவர் இந்த வாயிற்காவலர்தான். கிளேவர் இன்றைய கொலம்பியாவின் கார்த்தஹேனா துறைமுகத்தில் அடிமைக் கப்பல்களில் வந்திறங்கிய ஆப்பிரிக்க மக்களுக்குத் தன் வாழ்நாளையே கொடுத்தார். 1888ஆம் ஆண்டு இருவரும் ஒன்றாகப் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். கதவைத் திறப்பது ஒரு முழு வாழ்க்கைக்குப் போதுமான அழைத்தலாக இருக்க முடியும் என்று அவர் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பங்கில் ஐந்து குழுக்களில் இருந்துகொண்டு, வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச நேரமில்லாதவர்கள் இருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பொதுநிலையினர் பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் இதை ஒரு சோதனை என்றே குறிப்பிட்டார்: திருச்சபைக்குள் உள்ள பணிகளில் மிகுந்த ஆர்வம் காட்டி, தொழிலிலும் சமூகத்திலும் பண்பாட்டிலும் அரசியலிலும் தங்களுக்குள்ள பொறுப்பைக் கைவிடுதல். கெரசேனர் பகுதியில் தீய ஆவிகளிடமிருந்து விடுபட்ட மனிதர் படகில் ஏறி இயேசுவோடு வர எவ்வளவு கெஞ்சினார்! இயேசு அவரை ஏற்றிக்கொள்ளவில்லை; உம் வீட்டிற்குப் போய், உம் உறவினரிடம் ஆண்டவர் உமக்குச் செய்ததைச் சொல்லும் என்றார். பங்கின் எந்தக் குழுவிலும் பெயர் இல்லாமல், நோயுற்ற கணவரைப் பார்த்துக்கொண்டு, ஞாயிறு திருப்பலிக்கு மட்டும் வந்து போகும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவருடைய அழைத்தல் பங்குக்கு வெளியே இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்; அந்தப் படுக்கையும் பங்கின் எல்லைக்குள்தான் இருக்கிறது.

அறிவிப்புப் பலகையில் உள்ள பணிக்குழுக்களின் பட்டியலை வாசித்துவிட்டு, இவற்றில் எதிலும் நான் இல்லையே என்று சோர்ந்து போகிறவர்களுக்குக் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை நினைவூட்ட விரும்புகிறேன். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், திருத்தூதர், இறைவாக்கினர், போதகர் என்று பவுல் வரிசைப்படுத்தும் உறுப்புகளுள் எதிலும் தன்னைக் காண முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் புத்தகத்தை மூடிவிடாமல் அடுத்த அதிகாரத்திற்குப் போனார். அன்பைப் பற்றிய அந்தப் பதின்மூன்றாம் அதிகாரத்தில், திருச்சபையின் இதயத்தில் அன்பாக இருப்பதே தன் அழைத்தல் என்று கண்டுகொண்டார். அது 1896ஆம் ஆண்டு. மறு ஆண்டு, இருபத்து நான்காம் வயதில், காசநோயால் இறந்தார். லிசியே கார்மல் மடத்தை விட்டு எந்த மறைபரப்புத் தளத்திற்கும் போகாத அவரை 1927ஆம் ஆண்டு திருச்சபை மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலராக்கியது.

அதேபோல், பேசவும் பாடவும் கற்பிக்கவும் தெரியாதவர்கள் தங்களிடம் அருள்கொடையே இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். விடுதலைப் பயணம் 31ஆம் அதிகாரத்தில், கடவுளின் ஆவியால் நிரப்பப்பட்டதாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுபவர் பெட்சலேல். அவர் செய்தது பொன் வேலை, வெள்ளி வேலை, கல்லிழைத்தல், மரவேலை. மின்விளக்கைப் பழுது பார்ப்பவரும் கணக்கைச் சரியாக எழுதுபவரும் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

இப்போது ஓர் இளைஞர் என்னோடு அலுவலகத்தில் இருக்கிறார். பழைய பதிவேடுகளின் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தேன். மற்றதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. போன மாதம் ஒரு வயதான அம்மா சன்னல் அருகே தயங்கி நின்றபோது, நான் தலை நிமிர்வதற்குள் அவர் எழுந்து கதவைத் திறந்து, "உள்ளே வாங்கம்மா, உட்காருங்க" என்றார். அன்று மாலையே பங்குத்தந்தையிடம், இவரிடம் இந்தப் பணியை ஒப்படைக்கும் நாள் வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்கள் எங்கே போவீர்கள்?" என்று கேட்டார். தெரியவில்லை ஃபாதர் என்றேன். சகோதரி இன்று உயிரோடு இல்லை. அவர் கொடுத்த பழக்கத்தின்படி, இரவில் ஒரு வரி எழுதும் குறிப்பேட்டை மறுபடி எடுத்திருக்கிறேன். இதுவரை ஒன்பது வரிகள் சேர்ந்திருக்கின்றன.